புளி பட்டால் பேசும் மண்

தோமையார் திருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, கோயிலின் பித்தளை மெழுகுத்திரித் தண்டுகளை வெள்ளை மண்ணும் புளியும் போட்டுத் துலக்கிக்கொண்டிருந்த கித்தேரியின் கைக்கடியிலிருந்து, ஊர்க் கமிட்டித் தலைவர் ஸ்தனிஸ்லாசின் குரல் கேட்டது. "சாமி வந்து கோயில் பங்கு கேட்டா, பெரிய மீனு பாதி வழியிலேயே தப்பிச்சிட்டுன்னு சொல்லுங்கலே" என்றது அது. கொசு அளவுக் குரல். சோடா மூடியைத் திறந்ததும் ஒரு சீறல் வருமே, அந்தச் சீறலுக்கு எவ்வளவு ஆயுசோ அவ்வளவுதான் இதற்கும் ஆயுசு. கித்தேரி திரும்பிப் பார்த்தாள். கோயில் முற்றத்தில் ஆம்பளை என்று ஒருவரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தண்டைத் துலக்கிக்கொண்டிருந்தவள் லில்லிப்பூ. அந்த ஸ்தனிஸ்லாசின் பெண்சாதி.

"ஏட்டி லில்லி, உன் மாப்பிள்ளை எங்கே ஒளிஞ்சிருக்கான்?"

"அவரு கடலுக்குப் போயிருக்காரு மைனி. ஏன் கேக்கிய?"

"சும்மாதான்."

சும்மாதான் என்று சொல்லிவிட்டு, கித்தேரி இன்னொரு சிட்டிகை மண்ணைத் தண்டின் மேல் வைத்துப் புளித்தண்ணியைச் சொட்டவிட்டுக் காதைக் கொடுத்தாள். மண் நுரைத்தது. "லில்லிகிட்ட மட்டும் மூச்சு விட்டுறாதிய" என்றார் ஸ்தனிஸ்லாஸ், நுரைக்குள்ளிருந்து. இந்தமுறை லில்லிப்பூவுக்கும் கேட்டுவிட்டது.

"எதை?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள் லில்லிப்பூ.

மண் அதற்குமேல் சொல்லவில்லை. இப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் தொம்மந்துறை. பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் அந்தோணியாரையும் சவேரியாரையும் பாதுகாவலராக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும்போது, நாங்கள் பிடித்துவைத்திருப்பது தோமையாரை. ஆண்டவர் உயிர்த்தெழுந்து வந்ததைக் கூட இருந்த சீடர்கள் அத்தனை பேரும் சொன்னபோதுகூடக் காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற மனுஷனை. எங்களுக்கு அவர்தான் பொருத்தம். மீன் வாங்க வருகிறவன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் நாங்கள் அவன் நகத்தைப் பார்ப்போம். கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலி கட்டி முடித்ததும் முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அத்தை பின்னால் நிற்பாள். அதனால் மண் பேசியது என்று கேட்டபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பேசவைத்தது யார், யாருக்கு எதிராகப் பேசவைத்தான், இதுதான் எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது.

அந்த மண் ஸ்தனிஸ்லாசின் நங்கூரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. கரையிலிருந்து வெகுதூரம், நாற்பது ஆள் ஆழத்துக்கும் அப்பால் போட்ட நங்கூரம். மாவுபோல் வழவழவென்று இருக்கிறதே, பித்தளைக்கு நல்லதாயிற்றே என்று லில்லிப்பூதான் வழித்தெடுத்து ஓலைப்பெட்டியில் வைத்திருந்தாள். சாயங்காலம் அந்தப் பெட்டியைக் கோயில் முற்றத்தின் நடுவில் வைத்து, ஊரே கூடிச் சோதனை நடத்தியது. யாரும் வித்தை காட்டிவிடக்கூடாதென்று சட்டி வடக்குத்தெருவிலிருந்தும், புளி தெற்குத்தெருவிலிருந்தும், தண்ணீர் பாதிரியாரான பங்குச்சாமியின் கிணற்றிலிருந்தும் வந்தன. மண்ணைப் போடும் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் மண் பேசியது. "வலதுபக்கம் இழுலே", "உன் அம்மைக்க…", "பசிக்குது", "நேத்து அவ என்னைப் பாத்துச் சிரிச்சா மச்சான்" என்று நம் ஆட்கள் கடலில் வைத்துப் பேசிய பேச்செல்லாம், ஒவ்வொரு சிட்டிகைக்கும் ஒவ்வொரு வாய் வார்த்தையாக நுரைத்து நுரைத்து வெளியே வந்தது. சிரிச்சா என்று சொன்னவனின் பெண்சாதி கூட்டத்தில்தான் இருந்தாள். அவள் எழுந்து வீட்டுக்குப் போனாள். அவன் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை.

எல்லோரும் சிரித்தும் திட்டியும் கொண்டிருந்தபோது கித்தேரி மட்டும் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நினைப்பு என்னவென்று ஊருக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் அருளப்பனும் அவனுடைய கூட்டாளி வியாகுலமும் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனார்கள். திரும்பி வந்தது வியாகுலம் மட்டும். குருசுப்பார் என்ற கடலடிப் பாறையில் நங்கூரம் மாட்டிக்கொண்டது, அருளப்பன் அதை எடுக்க முங்கினான், மேலே வரவே இல்லை, கடைசியில் கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன் என்றான் வியாகுலம். கயிற்றின் முனையை ஊர் முழுக்கத் தொட்டுப் பார்த்தது. கத்தியால் ஒரே வெட்டு. அறுக்கும்போது கூட்டாளி கீழே உயிரோடு இருந்தானா, இல்லையா? அன்றையிலிருந்து வியாகுலத்தின் வள்ளத்தில் ஓர் ஆளும் ஏறவில்லை. மூன்று பேர் செய்கிற வேலையை அவன் ஒற்றையாகச் செய்துகொண்டிருந்தான். கித்தேரி அவன் போகிற வழியில் மண்ணை வாரித் தூற்றுவாள். தாலியை அவள் கழற்றவும் இல்லை, கட்டிக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவும் இல்லை.

"அருளப்பன் கடைசியா பேசுன பேச்சும் இந்த மண்ணுலதானே கெடக்கும்?" என்று கேட்டாள் அவள்.

அதற்குப் பதில் சொல்லத்தான், கமிட்டி கடிதம் போட்டு, பட்டணத்துக் கடலாராய்ச்சிக் கூடத்திலிருந்து மிருதுளா என்ற பெண் ஒரு பூதக்கண்ணாடிப் பெட்டியுடன் வந்து இறங்கியது. முப்பது வயது இருக்கும். இறங்கியதுமே நாங்கள் சந்தேகப்பட்டோம். ஒருத்தன் அவள் காரின் நம்பரை எழுதிக்கொண்டான், இன்னொருத்தன் அந்த நம்பரை எழுதியவன் பெயரை எழுதிக்கொண்டான். அந்தப் பெண் எதையும் கண்டுகொள்ளாமல் மண்ணைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பெட்டிக்கடியில் வைத்து, எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். பார்த்தால், அது மண்ணே இல்லை ஐயா! சோளப்பொரி மாதிரி உருண்டை உருண்டையாக, நத்தை மாதிரிச் சுருள் சுருளாக, மேலெல்லாம் ஊசியால் குத்திய துளைகளோடு, அத்தனையும் சிப்பி ஓடுகள். ஒரு கடுகை ஐம்பதாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவு இருக்குமோ அவ்வளவு பெரிசு. படம் ஒட்டியிருக்கிறதா என்று ஸ்தனிஸ்லாஸ் கண்ணாடியைச் சுரண்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் கடல் மேல மிதக்கிற ரொம்பச் சின்ன உயிருங்க" என்றாள் மிருதுளா. "நாம விடுற மூச்சு காத்துல கலக்குது, காத்துலேர்ந்து கடல்ல கரையுது. இதுங்க அதைப் பிடிச்சு, தண்ணில இருக்கிற சுண்ணாம்போட சேத்து, ஓடு கட்டிக்குதுங்க. செத்ததும் ஓடு கீழே விழும். ராவும் பகலும் மழை மாதிரி விழுந்துக்கிட்டே இருக்கும். இதுங்க மட்டும் இல்லன்னா நாம விட்ட மூச்சு, அடுப்புப் புகை, வண்டிப் புகை எல்லாம் நம்ம தலைக்கு மேலேயே நின்னு உலகம் எப்பவோ வெந்துபோயிருக்கும். புளி பட்டா ஓடு கரையும், பிடிச்சு வச்ச மூச்சு திரும்ப வெளிய வந்துடும். அதுதான் அந்த நுரை."

"மூச்சு சரி. பேச்சு?" என்று கேட்டார் பங்குச்சாமி.

"பேச்சு எங்க புத்தகத்துல இல்ல சாமி" என்றாள் அவள். ஆனாலும் ஒவ்வொரு சிட்டிகை சொன்னதையும் தேதி, மணி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள், கெட்ட வார்த்தை உட்பட.

இன்னொன்றும் சொன்னாள். புகை கூடக்கூடக் கடலே மெல்லப் புளித்துக்கொண்டு வருகிறதாம். ரொம்பப் புளித்தால் இதுகளால் ஓடு கட்ட முடியாமல் போய்விடுமாம்.

"கடலைப் புளிக்கவச்சது யாரு?" என்று எழுந்தார் ஸ்தனிஸ்லாஸ்.

"எல்லாரும்தான் சார்."

"எல்லாரும்னா? பேரைச் சொல்லும்மா."

"நீங்க, நான், எல்லாரும்."

"நான் என்னத்தச் செஞ்சேன்? பேரைச் சொல்லச் சொன்னா ஊரைச் சொல்லுதா பாரு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் யாரையோ காப்பாற்றுகிறாள் என்று முடிவுகட்டி உட்கார்ந்தார் அவர்.

அடுத்த ஒரு மாதத்தில் தொம்மந்துறை எப்படி மாறிப்போனது என்று சொன்னால், கேட்கிற உங்களுக்கு வாய் புளிக்கும், ஏனென்றால் எங்கள் வாய்க்குப் புளிப்பு என்பதே இல்லாமல் போனது. வீட்டுப் புளியெல்லாம் மண்ணுக்குப் போய்விட்டதால் மீன்குழம்பில் மாங்காயைப் போட்டார்கள், மாங்காயும் மண்ணுக்குப் போனதும் தக்காளியைப் போட்டார்கள், கடைசியில் வெறும் மிளகாய்த் தண்ணீரில் சாளை மிதந்தது. ஊரிலுள்ள பித்தளை எல்லாம், பெட்டிக்கடியில் இருந்த சீதனக் குடம் உட்பட, சூரியனுக்கே கண் கூசுகிற மாதிரி பளபளத்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து துலக்கினார்கள். துலக்குகிற கை ஒரு பக்கம், சாய்ந்த காது ஒரு பக்கம். ஆண்கள் கடலில் பேசுவதை நிறுத்தினார்கள். கையசைத்து, கண்ணசைத்து, அதுவும் போதாமல் மூக்கிலும் வாயிலும் துண்டைக் கட்டிக்கொண்டு வலை இழுத்தார்கள், மூச்சே கடலில் விழக்கூடாதாம். இன்னும் சில பேர் இருக்கிறார்களே, கெட்டிக்காரர்கள், அவர்கள் நடுக்கடலில் எழுந்து நின்று, "என் பொண்டாட்டியைப் போல ஒரு தங்கம் உண்டா? என் மாமியாருக்கு நான் எதுவும் செய்யாம இருப்பேனா?" என்று பிற்காலத்து மண்ணுக்காகச் சத்தம்போட்டுப் பேசிவிட்டு வந்தார்கள். பங்குச்சாமி, ஊரார் வந்து பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனக் கூண்டின் கதவுக்குக் கீழே துணி அடைத்தார். ஆழத்து மண் யார் யாருடையதையோ பேசியது. ஒரு சட்டி மண்ணில் புரியாத பாஷையில் ஒருவன் அழுதான், வாத்தியார் அது அரபி என்றார், சாமி போர்த்துக்கீசு என்றார், அழுகிறவன் யாராக இருந்தாலும் நம் கடலில் அவனுக்கு என்ன வேலை என்று கமிட்டி கேட்டது.

மண் பேசியது பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்தவன் மண்ணில் வந்த பேச்சு நூற்றுக்கு நூறு உண்மை, தன் மண்ணில் வந்த பேச்சு மட்டும் யாரோ தன் குரலில் பேசிப் போட்டது. இந்த ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

இதற்கு நடுவில் கித்தேரியின் விவகாரம் கமிட்டிக்கு வந்தது. அருளப்பன் போன இடத்து மண் வேண்டும். குருசுப்பாரில் எந்த இடம் என்று தெரிந்தவன் வியாகுலம் ஒருத்தன்தான். கோயில் கோபுரத்தையும் மலையையும் எந்த நேரில் பார்த்து நங்கூரம் போட்டார்கள் என்பது அவன் மண்டைக்குள் இருக்கிறது. அவனைத் தவிர யார் போனாலும் கடலைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டும். அவன் வள்ளத்தில் கூடப் போகவும் ஆள் இல்லை. ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவனே சாட்சியைக் கூடையில் அள்ளிக் கொண்டுவர வேண்டும் என்று, உலகத்தில் எந்தக் கோர்ட்டிலும் இல்லாத ஒரு தீர்ப்பை எழுதினார்கள். மண் அவனைக் காட்டிக்கொடுத்தால் ஊரைவிட்டு விலக்கி வைப்பது. அவன் பேரில் தவறில்லை என்று சொன்னால் கித்தேரியும் ஊரும் அவனிடம் மன்னிப்புக் கேட்பது. வியாகுலம் ஐம்பது வயதைத் தாண்டியவன், தோளில் கயிறு உரசிய தழும்பு. தீர்ப்பைக் கேட்டுவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனான்.

பதினொரு நாள் பதினொரு கூடை. விடியற்காலையில் அவள் வாசலில் வைத்துவிட்டுப் போவான். அவள் நாள் முழுக்க உட்கார்ந்து துலக்குவாள். துலக்கத் துலக்க அவள் விரல் நுனியெல்லாம் புளியில் வெந்து வெளுத்துவிட்டது. பதினோராம் நாள் சாயங்காலம் அவள் கமிட்டிக்கு வந்து நின்றாள்.

"இது குருசுப்பார் மண்ணு இல்ல."

"எப்படிச் சொல்லுத?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பதினொரு கூடை கேட்டுட்டேன். எல்லாம் செபமாலை, எல்லாம் மாதா பாட்டு. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்ல. நம்ம ஊர்க்காரன் முப்பது வருசமா மீன் பிடிக்கிற இடத்துல ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாம இருக்குமா?"

கமிட்டி யோசித்துப் பார்த்தது. இதைவிடப் பலமான சாட்சி எங்கள் ஊரில் அதுவரை வந்ததில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் மாதா சொரூபத்தை வள்ளத்தில் ஏற்றிச் சுற்றி வருகிற கடலிலிருந்து வியாகுலம் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறான்! அப்படியென்றால் அவன்தான், சந்தேகமே இல்லை, அவனேதான் என்று ஊர் எழுந்து நின்றது. கித்தேரி கையை நீட்டி உட்காரச் சொன்னாள்.

"நானே போறேன். அவன் வள்ளத்துலயே போறேன். இடத்தைக் காட்டலைன்னா அங்கேயே அவனை உக்கார வச்சுருப்பேன்."

"பொம்பள வள்ளத்துல ஏறுனா மீனு ஏறாது."

"நான் மீன் பிடிக்கப் போகல."

சாட்சி இல்லாமல் விடமுடியாது, கொன்றவனும் செத்தவன் பெண்சாதியும் தனியாகப் போய்த் தனியாகக் கேட்டு வந்தால் நாளைக்கு யார் நம்புவது என்றார்கள். சரி, சாட்சியை நானே சொல்லுகிறேன் என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்த கித்தேரி, கடைசி வரிசையில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த என்னைக் காட்டினாள். "பிலேந்திரன் மாமா வரட்டும்." கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள். எனக்கு அப்போது எழுபத்துநாலு. ஏன் என்னை என்று எனக்கும் புரியவில்லை. அனுபவசாலி என்பதால் இருக்கும் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் புறப்பட்டோம். ஒன்பது வருஷம் ஒற்றை ஆளைச் சுமந்த வள்ளம் மூன்று பேர் ஏறியதும் ஒரு பக்கம் கோணிக்கொண்டு போனது. கித்தேரி நடுவில், மடியில் பித்தளைச் சருவம், காலடியில் ஒரு கட்டிப் புளி. கரை மறைந்து, மலைக்கு முன்னால் கோபுரம் மட்டும் ஆணி மாதிரித் தெரிந்த இடத்தில் வியாகுலம் எஞ்சினை நிறுத்தினான்.

"இதுதானா?"

"இதுதான்."

"சத்தியமா?"

அவன் ஈயக்குண்டின் அடியில் ஒரு தகரக் குவளையைக் கட்டிக் கடலில் விட்டான். கயிறு போய்க்கொண்டே இருந்தது. மேலே வந்த மண்ணில் முதல் சிட்டிகைக்கே அருமையான ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சரியான இடம்தான் என்று கித்தேரி தலையாட்டினாள்.

வெயில் ஏறியது. குவளை போவதும் வருவதுமாக, அவள் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுச் சருவத்தில் காதை வைத்துக் கேட்பதுமாக, செத்தவர்கள் இருப்பவர்கள் எல்லோரும் வலையையும் காற்றையும் அடுத்தவன் பெண்சாதியையும் பற்றிப் பேசி முடித்தார்கள். உச்சிவேளையில் அவள் கை நின்றது. ஒன்பது வருஷத்துக்கு முந்தின பேச்சு, ஒரு மனுஷனுடையது, ஒரே குவளைக்குள் வந்து விழுந்திருக்கிறதே, அது எப்படி என்கிறீர்களா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் நானும் காதை வைத்துக் கேட்டேன்.

"கித்தேரி, வேண்டாம்" என்றான் வியாகுலம், எஞ்சினைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தபடியே.

"நீ பேசாதே."

"நான் அந்தப் படகுல ஏறிக்கிடுதேன்" என்றான் அருளப்பன் நுரைக்குள்ளிருந்து. "மங்களூருக்குத்தான் போறானுவ. நீ கரைக்குப் போயி நான் செத்துட்டேன்னு சொல்லிரு."

இன்னொரு சிட்டிகை. இது வியாகுலத்தின் குரல், இப்போது இருப்பதைவிட இளசு. "கித்தேரி கேப்பாளேலே. அவகிட்ட என்ன சொல்ல?"

அடுத்த சிட்டிகையை அவள் அவசரமாகப் போட்டதில் மண்ணில் பாதி மடியில் கொட்டியது. "அவகிட்டயும் அதையே சொல்லு. அவ நல்லவதான். ஆனா நான் சட்டையை உதறிப் போட்டாக்கூட எதுக்கு உதறுனியன்னு கேப்பா. ஊரு பூரா அப்படித்தான் மக்கா. எனக்கு மூச்சு முட்டுது. நம்ம ஊர்ல செத்தவனை மட்டுந்தான் ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு வந்தது பேச்சில்லை. ஓர் ஆள் வள்ளத்திலிருந்து இன்னொரு படகுக்குத் தாவும்போது வருமே ஒரு முக்கல், அது மட்டும்.

கித்தேரி சருவத்தை இறக்கி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். புளி ஒட்டிய விரல்களைக் கடலில் விட்டு ஒவ்வொன்றாகக் கழுவினாள்.

"கயித்தை நீதான் அறுத்தியா?"

"நானேதான் அறுத்தேன். சொல்லுததுக்கு ஒரு அடையாளம் வேணும்லா."

"ஒன்பது வருசம் நான் உன் மேல மண்ணை வாரிப் போட்டேனே வியாகுலம். அப்பவாவது சொல்லக்கூடாதா?"

"சொல்லிருந்தா நீ நம்பிருப்பியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்."

"நீ மண்ணை வாரிப் போடும்போது உனக்கு அவன் செத்துப்போன புருஷன். சொல்லிட்டா ஓடிப்போன புருஷன். எனக்கு மண்ணு பரவாயில்லைன்னு பட்டுது" என்றான் அவன். அத்தனை நீளமாக அவன் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டாள்.

"போகும்போது திரும்பிப் பாத்தானா?"

"பாத்தான்" என்றான் வியாகுலம். "ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே போனான்."

அது பொய். அந்தத் தொழிலில் ஐம்பது வருஷம் இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரிந்தது, அவள் கண்ணைப் பார்த்தேன். தொம்மந்துறையில் பிறந்து வளர்ந்த அந்தப் பெண் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பதிலுக்குப் பின்னால் இன்னொரு கேள்வி கேட்காமல் விட்டாள். மடியில் கொட்டிய மண்ணையும் சருவத்தில் மிச்சமிருந்ததையும் கடலில் கொட்டினாள்.

திரும்பி வரும்போது, "மாமா, கரையில கேட்டா என்ன சொல்லுவீரு?" என்றாள்.

"நீ என்ன சொல்லச் சொல்லுதியோ அதை."

"உள்ளதை உள்ளபடி சொல்லும். ஒரு வார்த்தை குறைக்காதிரும்."

"ஏட்டி, உன் மானம் என்னத்துக்காவும்?"

"சொல்லும் மாமா."

கரையில் ஊரே சட்டியும் புளியுமாக நின்றது. மண் எங்கே என்று கேட்டார் ஸ்தனிஸ்லாஸ். தீர்ந்துபோயிற்று என்றாள் கித்தேரி. "கேட்டுட்டேன். வியாகுலம் அவரைக் கொல்லல. மன்னிப்புக் கேக்கணும்னு தீர்ப்பு, நான் வள்ளத்துலயே கேட்டுட்டேன், இனி நீங்க கேளுங்க. என்ன நடந்துதுன்னு என் வாயால சொல்லமாட்டேன். சாட்சி நிக்காரு, அவருகிட்ட கேளுங்க."

நான் சொன்னேன். தோமையார் மேல் ஆணையாக, மங்களூர்ப் படகு, தாவியது, செத்துட்டேன்னு சொல்லிரு என்றது, சட்டையை உதறியது வரைக்கும், கூட்டாமல் குறைக்காமல், இந்த எழுபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக ஒரு விஷயத்தை நடந்தது நடந்தபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் கடற்கரையே சிரித்தது.

"ஓய் பிலேந்திரன், போன வருசம் திமிங்கிலத்துக்குப் பல்லுவலி எடுத்ததையும் நீரு இப்படித்தான் கண்ணால பாத்தீரு."

"அது வேற, இது நிசம்லே!"

"அன்னைக்கும் இதைத்தானே சொன்னீரு."

ஸ்தனிஸ்லாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணை மூடி, ஒவ்வொரு விரலாக மடக்கி, யோசித்து, கடைசியில் கையைத் தூக்கினார். "இங்க பாருங்க. இந்த மனுசன் வாயிலேர்ந்து அருளப்பன் ஓடிட்டான்னு வந்தா, ஓடலைன்னு எழுதி வச்சுக்கலாம். ஓடலைன்னா செத்தான். கொன்னவன்னு கேட்டுருந்தா கித்தேரி அவன் வள்ளத்துல உக்காந்து திரும்பி வருவாளா? அங்கேயே அவன் கழுத்தைக் கடிச்சிருப்பா. ஆக, வியாகுலம் சொன்னபடிதான் நடந்துருக்கு. முங்குனான், வரல." ஊர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எந்தப் பக்கம் தொட்டாலும் சரியாகத்தான் இருந்தது.

நான் கித்தேரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், அத்தனை பேர் இருக்க என்னை ஏன் காட்டினாள் என்பது எனக்கு உறைத்தது. மரியாதை என்றா நினைத்தேன்! உண்மையைப் போட்டு மூடிவைக்க ஊரில் இருந்த ஒரே பொய்ப் பானை நான்தான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

நாலாம் நாள் அருளப்பனுக்குத் துக்கப் பூசை வைத்தார்கள். ஒன்பது வருஷம் ஒத்திப்போட்ட அழுகையை எல்லோரும் சேர்த்து அழுதார்கள். கித்தேரி சாமியின் முன்னால் தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, பீடத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். எதற்காக என்று நான் கேட்கவில்லை, அந்த ஊரில் கேட்காமல் விட்டவர்களில் நான் இரண்டாவது ஆள். பூசை முடிந்ததும் வரிசையாக வந்து வியாகுலத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். அவன் ஒவ்வொரு கையையும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

மண் இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் புளியை எங்கள் ஊர்ப் பெண்கள் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்கள். குழம்புக்கு மட்டும்தான் எடுக்கிறார்கள், குழம்பும் பழைய ருசிக்குத் திரும்பிவிட்டது.

பூசைக்கு மறுநாள் காலை, வியாகுலம் வழக்கம்போல ஒற்றையாக வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்தனிஸ்லாஸ் மணலில் மெல்ல நடந்து வந்து, தொண்டையைக் கனைத்து, "மச்சான், என் மருமவன் சும்மாதான் இருக்கான். உன் வள்ளத்துல ஒரு எடம் இருக்குமா?" என்று கேட்டார்.

வியாகுலம் வலையைக் கீழே வைத்தான். ஸ்தனிஸ்லாசைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தான். மருமகன் நின்ற பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டான்:

"எதுக்குக் கேக்கிய?"